கயிற்றை இழுக்கும் முன் மரத்தைப் பாருங்கள்

சனிக்கிழமை மாலை அடித்த காற்றில், வீட்டுக்குப் பின்னால் நின்ற ரம்புத்தான் மரம் வேரோடு பெயர்ந்து வேலியின் மேல் சாய்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் பக்கத்துத் தாமானிலிருந்து ஒருவர் செயின்சாவுடன் வருகிறார். அரைக்கால் சட்டை, காலில் சிலிப்பர். கையுறை இல்லை, கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. "பத்து நிமிஷ வேலைண்ணே" என்கிறார். வீட்டுக்காரர் காப்பி கலக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுக்கிறார். வேர் பெயர்ந்த பள்ளத்தில் பிள்ளைகள் இறங்கி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த வார இறுதியில் மலேசியாவின் எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சி இது. இதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலோர் அந்தச் சங்கிலியைத்தான் காட்டுவார்கள். ஆனால் இந்தக் காட்சியில் உயிருக்கே ஆபத்தான இடத்தில் நிற்பவர்கள் பள்ளத்தில் விளையாடும் அந்தப் பிள்ளைகள்தாம். அது ஏன் என்பதற்குச் சற்றுப் பிறகு வருவோம். அதற்கு முன், இந்த இயந்திரம் நம் கைக்கு வந்த கதையையும், அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

கோடாரிக் காலமும் பால்மர விறகும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு விறகு என்றால் அது ரப்பர் விறகுதான். லயத்து வீட்டு அடுப்பில் எரிந்தது அதுவே. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்ட புகைவீட்டில் எரிந்ததும் அதுவே. நட்டு 25, 30 ஆண்டுகள் ஆனதும் பால்மரம் வெட்டப்பட்டு மறுநடவு நடக்கும். வெட்டிய மரத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் விறகாகவும் கரியாகவும் போனது, இல்லையென்றால் காட்டிலேயே எரிந்து சாம்பலானது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அதனால் வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும், வண்டும் துளைத்துவிடும். பலகையை உடனுக்குடன் போரான் கலந்த மருந்தில் ஊறவைத்து உலர்த்தும் முறை பரவிய பிறகுதான், 1980களில் அதே மரம் மேசையாகவும் நாற்காலியாகவும் மாறிக் கப்பலேறத் தொடங்கியது. அடுப்புக்குப் போன மரத்துக்கு வந்த மரியாதையைப் பாருங்கள்!

அந்த விறகை வெட்டியவர்களின் கையில் இருந்தது கோடாரியும் இருவர் இழுக்கும் ரம்பமும். பெரிய மரம் ஒன்றைச் சாய்க்க வெகுநேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் மரம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும். நார் முறியும் சத்தம் கேட்கும். வெட்டுவாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும், அல்லது மூடும். மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் வெட்டுபவர் தானாகவே அண்ணாந்து மேலே பார்ப்பார். மரம் எந்தப் பக்கம் சாய நினைக்கிறது என்பது அவருக்குப் பாதி வேலையிலேயே தெரிந்துவிடும்.

செயின்சா உழைப்பைக் குறைத்தது. அதோடு சேர்த்து இந்த யோசிக்கும் நேரத்தையும் எடுத்துக்கொண்டது. ஒரு சாண் கனமுள்ள கிளையைச் சில விநாடிகளில் துண்டாக்கும் இயந்திரம், தவறான இடத்தில் வைத்தால் அதே விநாடிகளில் தவறையும் முடித்துவிடும். கோடாரி தானாகக் கொடுத்த அந்த அவகாசத்தை, கயிற்றை இழுப்பதற்கு முன்பே மனிதன் வேண்டுமென்றே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. செயின்சா விபத்துகளில் பலவற்றைத் துருவிப் பார்த்தால் இந்த ஒரு குறைதான் அடியில் கிடக்கும்.

புழு சொல்லிக் கொடுத்த பாடம்

சங்கிலியால் மரம் அறுக்கும் எண்ணம் ஜெர்மனியில் 1920களில் உருப்பெற்றது. ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926இல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். மறு ஆண்டில் எமில் லெர்ப் என்பவர் பெட்ரோலில் ஓடும் ரம்பத்தை டோல்மார் என்ற மலையில் ஓட்டிக் காட்டினார். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். எடை 50 கிலோவுக்கு மேல். தனியாள் ஒருவர் தூக்கி வேலை செய்யக்கூடிய பெட்ரோல் ரம்பத்தை ஸ்டீல் நிறுவனம் 1950இல் கொண்டுவந்தபோதும் அதன் எடை 16 கிலோ. இன்று வீட்டு உபயோகத்துக்கு விற்கும் ரம்பங்கள் நான்கைந்து கிலோதான் இருக்கும்.

ஆனால் ரம்பத்தை உண்மையில் மாற்றியது இயந்திரம் அல்ல, சங்கிலியின் பல். ஆரம்ப காலச் சங்கிலிகளில் கைரம்பத்தின் பல்லைப் போலவே கூர் வைத்திருந்தார்கள். அது மரத்தைக் கீறியதே தவிர, கடித்து எடுக்கவில்லை. அடிக்கடி தீட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், 1946இல் ஒரு மரத்தண்டைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தார். நார் எந்தத் திசையில் ஓடினாலும் அந்தப் புழு இடமும் வலமுமாக மாற்றி மாற்றிக் கடித்துத் தள்ளிக்கொண்டே போனது. அதன் தாடையைப் பார்த்து அவர் செய்த சங்கிலி 1947இல் விற்பனைக்கு வந்தது. இன்று உலகில் ஓடும் செயின்சாக்களில் பெரும்பாலானவற்றின் பல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

அந்தப் பல்லை உற்றுப் பார்த்தால், கொக்கி போல் வளைந்த கூர்முனையும் அதற்கு முன்னால் ஒரு சிறு திமிலும் தெரியும். கூர்முனை எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அளவு வைப்பது அந்தத் திமில்தான். இரண்டுக்கும் உயர வித்தியாசம் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். "இன்னும் வேகமாக வெட்டட்டும்" என்று சிலர் அரத்தை எடுத்து அந்தத் திமிலைத் தேய்த்துவிடுகிறார்கள். வேகம் கொஞ்சம் கூடும். பல் அளவுக்கு மீறிக் கடித்துச் சிக்கிக்கொள்வதும் கூடவே கூடும். அப்படிச் சிக்கினால் என்ன ஆகும் என்பதுதான் அடுத்த விஷயம்.

எகிறி அடிப்பது

முழு வேகத்தில் சங்கிலி விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 72 கிலோமீட்டர்! சங்கிலி ஓடும் நீண்ட தகட்டின் அடிப்பக்கத்தால் வெட்டும்போது ரம்பம் மரத்தை நோக்கி இழுக்கும். மேற்பக்கத்தால் வெட்டும்போது ஆளை நோக்கித் தள்ளும். இந்த இரண்டையும் பழகிய கை சமாளித்துக்கொள்ளும். சமாளிக்க முடியாதது தகட்டின் மூக்கு. அதிலும் மூக்கின் மேற்பாதி.

மூக்கில் சங்கிலி வளைந்து திரும்பும்போது, ஆழத்துக்கு அளவு வைக்கும் திமில் கீழே தாழ்ந்துவிடும். பல் வழக்கத்தைவிட ஆழமாகக் கடிக்கும். அந்த நேரத்தில் மூக்கின் மேற்பாதி பக்கத்தில் கிடக்கும் இன்னொரு கிளையிலோ, வேலிக்கம்பியிலோ பட்டால் பல் அங்கேயே சிக்கும். ஆனால் இயந்திரம் சுற்றுவதை நிறுத்தாது. சங்கிலியை ஓட்ட வேண்டிய விசை முழுவதும் ரம்பத்தையே மேல்நோக்கித் தூக்கி, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எறியும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. "நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்" என்று சொல்பவர்கள் இதை ஒரு முறைகூடச் சந்திக்காதவர்கள்.

இதற்காகத்தான் முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். ரம்பம் எகிறினால் அந்தத் தடுப்பு மணிக்கட்டில் மோதி முன்னால் சாய்ந்து சங்கிலியை நிறுத்திவிடும். கை படாவிட்டாலும் எகிறும் வேகத்தாலேயே நின்றுவிடும் அமைப்பும் இப்போதைய ரம்பங்களில் உண்டு. 1970களில் வந்த இந்த பிரேக் காப்பாற்றிய முகங்கள் ஏராளம். ஆனால் பழைய ரம்பம் வாங்குபவர்கள் இதைச் சோதித்துப் பார்ப்பதே இல்லை. சிலர் "இடைஞ்சலாக இருக்கிறது" என்று அந்தத் தடுப்பைக் கழற்றி வைத்துவிட்டே வேலை பார்க்கிறார்கள்!

பிடிக்கும் முறையிலும் காரணம் இருக்கிறது. இடதுகைப் பழக்கம் உள்ளவரானாலும் வலது கை பின்பிடியில், இடது கை முன்பிடியில்தான் இருக்க வேண்டும். இடது கட்டைவிரல் பிடியைச் சுற்றிக் கீழே வர வேண்டும். அப்படிப் பிடித்தால் சங்கிலி ஓடும் நேர்கோட்டில் தலை இருக்காது, சற்று இடப்புறம் விலகியே இருக்கும். தோளுக்கு மேல் ரம்பத்தைத் தூக்கினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். ஏணியில் ஏறி நின்று ஒற்றைக் கையால் வெட்டினாலும் அப்படித்தான். மரத்தின் மேல் ஏறி வெட்டுவது தனித் தொழில். கயிறும் கச்சையும் பயிற்சியும் உள்ளவர்களின் வேலை அது.

கிடக்கும் மரம் செத்த மரம் அல்ல

இப்போது அந்த ரம்புத்தான் மரத்துக்கு வருவோம். நிற்கும் மரத்தைவிட விழுந்த மரம் பாதுகாப்பானது என்று தோன்றும். அது பெரிய தவறு. விழுந்து கிடக்கும் மரம் இழுத்துக் கட்டிய வில்லைப் போன்றது. எங்கே வளைந்திருக்கிறதோ அங்கே விசை ஒளிந்திருக்கிறது.

பால்வெட்டுக்குப் போகும் வழியில் ஓடையின் மேல் பாலமாகக் கிடக்கும் மரத்தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் கரையில், நடுவில் தாங்கல் இல்லை. தன் எடையால் நடு தொய்கிறது. அப்படியானால் மேற்பக்கத்து நார் நெருக்கப்பட்டிருக்கிறது, அடிப்பக்கத்து நார் இழுபட்டிருக்கிறது. மேலிருந்து ஒரேயடியாக அறுத்துக்கொண்டே போனால் வெட்டுவாய் மூடி, ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். ஆகவே முதலில் மேலிருந்து கனத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் அறுத்து, பிறகு கீழிருந்து மெல்ல வந்து முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் தொங்கினால் எல்லாம் தலைகீழ். மேற்பக்கம் இழுபடும், அடிப்பக்கம் நெருங்கும். முதல் வெட்டு கீழிருந்து, முடிக்கும் வெட்டு மேலிருந்து. நெருங்கிய பக்கம் முதலில், இழுபட்ட பக்கம் கடைசியில் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பெரிய மரம் விழும்போது அதன் அடியில் சிக்கி வளைந்துபோகும் இளங்கன்றுகள் இன்னும் மோசம். மணிக்கட்டுக் கனம்தானே என்று வளைவின் வெளிப்புறத்தில் ரம்பத்தை வைத்தால், அது சாட்டை போல் விடுபட்டுத் தாடையைப் பெயர்த்துவிடும். பழகியவர்கள் வளைவின் உட்புறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, விசை மெல்ல இறங்கும்படி செய்வார்கள்.

வேரோடு பெயர்ந்த மரத்தில் நடப்பது இது. அடித்தண்டு கிடைமட்டமாகக் கிடக்கிறது. வேர்த்தட்டு மண்ணோடு சேர்ந்து சுவர் போல் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அதை அப்படி நிறுத்தி வைத்திருப்பது கிடக்கும் தண்டின் எடைதான். தண்டை அறுத்து எடுத்த அந்தக் கணத்தில் பிடிமானம் போய்விடுகிறது. நூற்றுக்கணக்கான கிலோ மண்ணும் வேரும் அடிக்கட்டையோடு சேர்ந்து படாரென்று பழைய இடத்துக்கே திரும்பி உட்காரும். பள்ளம் மூடிக்கொள்ளும். சில வேளைகளில் அது எதிர்ப்பக்கம் சாயவும் செய்யும். பள்ளத்தில் விளையாடும் பிள்ளைகள் இருக்கும் இடம் அதுதான். பல நாடுகளில் புயலுக்குப் பிறகு இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அறுப்பவருக்கு இது தெரிந்தாலும் அவருடைய கண் ரம்பத்தில் இருக்கும், காதில் இயந்திரச் சத்தம் இருக்கும். பிள்ளைகளை வெளியே கொண்டுவந்து வீட்டுக்குள் அனுப்ப வேண்டியவர் காப்பிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்தான்.

மரத்தின் கிளை மின்கம்பியில் கிடந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஈர மரம் மின்சாரத்தைக் கடத்தும். தீபகற்பத்தில் தெனாகாவின் 15454 எண்ணுக்குச் சொல்லி, மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்று அவர்கள் வாயால் கேட்ட பிறகுதான் யாரும் கிட்டே போக வேண்டும்.

நிற்கும் மரமும் அதன் கீலும்

நிற்கும் மரத்தைச் சாய்ப்பதில் உள்ள நுட்பம் ஒரு கதவை நினைத்தால் புரியும். கதவு கீலில் திரும்புவது போல மரமும் வெட்டாமல் விட்ட ஒரு பட்டை நாரில் திரும்பித்தான் விழுகிறது. விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டி எடுக்க வேண்டும். ஆழம், மரத்தின் குறுக்களவில் ஐந்தில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்று. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டு வந்து, வாயைத் தொடுவதற்கு முன்பே நிறுத்த வேண்டும். நடுவில் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கனமாக நார் மிஞ்ச வேண்டும். அதுதான் கீல். அதையும் சேர்த்து அறுத்துவிட்டால் மரத்துக்குக் கடிவாளம் இல்லை, எந்தப் பக்கமும் போகும். சாயும் பக்கத்தில் பாரம் அதிகமுள்ள மரத்தில் வாயே வெட்டாமல் பின்னாலிருந்து அறுத்தால், தண்டு பாதியில் நெடுக்காகப் பிளந்து பின்பாதி மேலே தூக்கி அடிக்கும்.

கயிற்றை இழுக்கும் முன் பார்க்க வேண்டியவை இங்கேதான் அதிகம். மரம் இயல்பாக எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, உச்சியில் காய்ந்த கிளை ஏதாவது தொங்குகிறதா, அடிமரம் தட்டினால் கெட்டியாக ஒலிக்கிறதா, பொந்தாக ஒலிக்கிறதா, பக்கத்து மரத்தோடு கொடி பிணைந்திருக்கிறதா. தப்பி ஓட இரண்டு வழி, விழும் திசைக்குப் பின்னால் சாய்வாக, கொடியும் கல்லும் அகற்றப்பட்டு இருக்க வேண்டும். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். தாமான் வீடுகளில் பெரும்பாலும் அந்தத் தூரமே கிடையாது. அப்படியானால் அந்த மரம் அடியோடு சாய்க்க ஏற்ற மரம் அல்ல. மேலிருந்து துண்டு துண்டாக இறக்க வேண்டிய மரம்.

பால்மரத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மங்கு தாங்கிய கம்பியும் பால் வடியச் செருகிய தகரமும் பட்டைக்குள் புதைந்துபோய், வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கும். ஓடும் சங்கிலி அதில் பட்டால் பல் மழுங்கும், சில நேரம் தெறிக்கும். பழைய வெட்டுக்காயம் உள்ள உயரத்தைத் தவிர்த்து அறுப்பது தெரிந்தவர்களின் வழக்கம். தென்னையும் செம்பனையும் இன்னொரு விதம். வெளியே கெட்டி நார், உள்ளே பஞ்சு. ஆகவே மேலே சொன்ன கீலை அவற்றில் முழுதாக நம்ப முடியாது. நார் சங்கிலியில் சுற்றிக்கொள்ளவும் செய்யும்.

சத்தமும் நடுக்கமும்

வெட்டுக்காயம் கண்ணுக்குத் தெரியும். தெரியாத காயம் இரண்டு. பெட்ரோல் ரம்பத்தின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காதுக்கு மூடி இல்லாமல் நாள்தோறும் அதைக் கேட்பவருக்குச் செவிப்புலன் திரும்பி வராத அளவில் குறையும். மற்றொன்று நடுக்கம். ஆண்டுக்கணக்கில் அதிரும் பிடியைப் பற்றிய விரல்களில் இரத்த ஓட்டமும் நரம்பும் கெட்டுப்போகின்றன. குளிர்நாடுகளில் விரல்கள் சுண்ணாம்பு போல் வெளுத்துவிடும். பின்லாந்தில் ஒரு வட்டாரத்து மரம் வெட்டுவோரிடையே 1972இல் 40 விழுக்காட்டினருக்கு இருந்த இந்த நோய், ரப்பர் தாங்கிகள் வைத்த எடை குறைந்த ரம்பங்கள் வந்ததால் 1990இல் 5 விழுக்காடாகக் குறைந்தது. நம்மைப் போன்ற வெப்பநாட்டில் விரல் வெளுப்பது அரிது. அதற்குப் பதிலாக மரத்துப்போகும், இரவில் ஊசி குத்துவது போல் இருக்கும், சட்டைப் பொத்தான் போடக் கை வராது. வெளுக்காததால் நோய் என்று யாரும் நினைப்பதில்லை, "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறார்கள்.

மழுங்கிய சங்கிலிக்கும் இதில் பங்குண்டு. கூரான சங்கிலி மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கியது மாவு மாவாகத் தள்ளும். மாவு வந்தால் வேலையை நிறுத்தி உருட்டு அரத்தால் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு மூன்று இழுப்புக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் அழுத்தி அறுப்பவருக்கு நடுக்கமும் கூடும், அசதியும் கூடும். அசந்த கைதான் மூக்கை எங்காவது தொடவிடுகிறது.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பேட்டரி ரம்பங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சத்தமும் புகையும் குறைவு, கயிறு இழுக்கும் வேலையும் இல்லை. நல்லதுதான். ஆனால் ஒரு சாண் நீளமுள்ள ஒற்றைக்கை ரம்பங்கள் பலவற்றில் எகிறலைத் தடுக்கும் பிரேக்கே கிடையாது. வலது கையில் ரம்பம், இடது கையில் கிளை என்று வெட்டும்போது ரம்பம் கிளையைத் தாண்டி வழுக்கினால் அடுத்து இருப்பது இடது கைதான். சங்கிலியைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றுவது கட்டாயம். பெட்ரோல் ரம்பம் உறுமி எச்சரிக்கும், இது விரல் பட்டவுடன் ஓடும்.

உடைகளில் முதலிடம் கால்சட்டைக்கு. செயின்சாவுக்கென்றே செய்த கால்சட்டையின் உள்ளே நீண்ட இழைகள் அடுக்கப்பட்டிருக்கும். சங்கிலி பட்டதும் அவை வெளியே வந்து பல்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நிறுத்திவிடும். ஒரு முறை வெட்டுப்பட்டால் அதோடு அதன் வேலை முடிந்தது, மாற்ற வேண்டும். நம் வெயிலில் இதை யார் போடுவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காலின் முன்பக்கத்தை மட்டும் மூடிப் பின்னால் வாரால் கட்டிக்கொள்ளும் வகை இருக்கிறது, அதில் காற்று புகும். தலைக்கவசம், முகத்துக்கு வலை, காதுமூடி, நல்ல பிடிமானமுள்ள காலணி, இவை இல்லாமல் வேலைக்கு வருபவரிடம் வீட்டுக்காரர் "வேண்டாம் தம்பி" என்று சொல்வதில் தவறே இல்லை.

யாருடைய மரம், யாருடைய பொறுப்பு

2024 மே 7ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று விழுந்து 17 வாகனங்கள் நசுங்கின. காரோட்டி ஒருவர் உயிரிழந்தார். 2017 பிப்ரவரியில் சிங்கப்பூர்ப் பூமலையில் 270 ஆண்டு பழமையான தெம்புசு மரம் விழுந்து இந்தியாவைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் இறந்தார். இப்படிப்பட்ட செய்திகளுக்குப் பிறகு வீட்டருகே நிற்கும் மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளிவிட வேண்டும் என்ற பதற்றம் எழுவது இயல்பு. ஆனால் மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை ஊராட்சியின் எழுத்துபூர்வ அனுமதியின்றி வெட்டக்கூடாது. பட்டுப்போன மரம் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுப் பூங்கா, மரச் சட்டத்தின்கீழ், மரப் பாதுகாப்பு வட்டாரங்களிலும் காலி நிலங்களிலும் 1 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்துக்கு அனுமதி வேண்டும். சாலையோர மரத்தில் விரிசலோ, அடியில் காளானோ தெரிந்தால் புகைப்படம் எடுத்து நகராண்மைக் கழகத்துக்கு அனுப்புவதுதான் முறை.

வெட்டிய கிளைகளை வீட்டுப் பின்புறமே குவித்துக் கொளுத்துவதும் சட்டப்படி குற்றம். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. பொங்கலுக்கோ கோயில் அன்னதானத்துக்கோ விறகு வேண்டுமென்றால் அளவாக அறுத்துப் பிளந்து, தரையில் படாமல் கட்டைமேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட விட்டு, சில மாதங்கள் காயவைத்தால் நல்ல விறகு கிடைக்கும். பச்சை விறகின் எடையில் கணிசமான பங்கு தண்ணீர். அதை எரித்தால் கிடைப்பது புகைதான்.

கூலிக்கு மரம் வெட்டுபவர்களைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. இவர்களில் பலர் யாரிடமும் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள். சொந்தத் தொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017இல் வந்தது. டாக்சி ஓட்டுநர்களில் தொடங்கிப் பின்னர் மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்டி சொக்சோவில் பதிந்துகொண்டால், கையோ காலோ போன நாளில் குடும்பத்துக்கு ஒரு வருமானம் இருக்கும். விலை பேசும்போதே "சொக்சோ இருக்கா தம்பி?" என்று கேட்டுவிடலாம். கேட்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. இல்லை என்று சொன்னால், எங்கே போய்ப் பதிவது என்று சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பாவது கிடைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சங்கிலி உடம்பில் பட்டுவிட்டால்? அது கத்திவெட்டு போல் மெல்லிய கோடாக இருக்காது, கால் அங்குல அகலத்துக்குச் சதையைக் கிழித்து எடுத்திருக்கும். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து முழு பலத்தோடு அழுத்த வேண்டும். எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. கையிலோ காலிலோ இரத்தம் அப்படியும் நிற்காமல் பீறிட்டால், காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டின்மேல் படாமல் அகலமான பட்டையால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். 999 எண்ணை அழைக்க வேண்டும். கட்டுத்துணி லோரியில் இருந்து பயனில்லை, வெட்டுபவரின் பையிலேயே இருக்க வேண்டும். தோட்டத்துக்குள் தனியாகப் போகவும் கூடாது. எந்தப் பாதையில் நுழைந்து எத்தனையாவது நிரையில் ஆள் கிடக்கிறார் என்று ஆம்புலன்சுக்குச் சொல்லத் தெரிந்த ஒருவர், கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும்.